பச்சை விளக்கு எரியாத விரல்கள்

வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவர்களுக்கு முகம் மறந்துபோகும், கையெழுத்து மறக்காது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் சலானைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். கொம்பும் காலும் நிதானமாக நீட்டி எழுதியிருந்தால் ரிட்டயர்டு வாத்தியார். பேனாவை அழுத்திப் பேப்பரையே கிழித்திருந்தால் தோல் மண்டிக்காரர். இப்போது சலானும் குறைந்துவிட்டது, கையெழுத்தும் குறைந்துவிட்டது. எல்லாம் விரல்தான்.

என் பெயர் எஸ்தர். வீடு பாகாயத்தில். காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கி, இருபத்திரண்டு வருஷமாக ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டர் பார்க்கிறேன். ‘சர்வர் டவுன்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெயிலில் வீடு திரும்பியவரா நீங்கள்? என்மேல் கோபப்படாதீர்கள். உங்களுக்கு அதை ஒரு தடவைதான் சொன்னார்கள், நான் ஒரே நாளில் அறுபது தடவை சொல்லியிருக்கிறேன். நீங்களும் நானும் ஒரே கட்சி.

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ‘உனக்கு பேங்க்ல வேலை குடுத்ததுக்குப் பதிலா போலீஸ்ல குடுத்திருக்கணும்’ என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். அந்தக் குணத்தால் சேர்ந்தவைதான் இந்தத் துணுக்குகள். இவற்றில் பாதி, செல்வி என்ற ஷூ கம்பெனித் தொழிலாளியால் வந்தவை. தன் பெயரில் ஒரு கணக்கு திறக்க அவளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. எங்கள் மெஷினோ அவளை அவள் இல்லை என்றது.

பேசத் தெரிந்த பெட்டி

எங்கள் கிளைக்கு முதலில் வந்த புதுமை டோக்கன் மெஷின். பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். முறை வந்ததும் கூரையிலிருந்து ஒரு பெண் குரல், ‘டோக்கன் எண் நாற்பத்திரண்டு, கவுன்ட்டர் எண் மூன்றுக்கு வரவும்’ என்று தேன் ஒழுகக் கூப்பிடும். மூன்றாம் கவுன்ட்டர் நான். என் சொந்தக் குரல் அப்படி இருந்ததாக யாரும் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் செக்யூரிட்டி ஏகாம்பரம், திமிரி என்ற ஊர்க்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவருக்கு மெஷினின் வரிசைமேல் நம்பிக்கை வரவில்லை. காலையில் கதவு திறந்ததும் அவரே பத்துப் பன்னிரண்டு சீட்டை அமுக்கி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரி ஃபைலோடு வருபவருக்கு முதல் சீட்டு, கைக்குழந்தைக்காரிக்கு இரண்டாவது. மெஷின் தன் வரிசை நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. நடந்தது ஏகாம்பரத்தின் வரிசை. மேனேஜருக்கு இது இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தோல் கமிஷன் வியாபாரம் செய்யும் அன்வர் பாய் எனக்கு முன்பே இந்தக் கிளைக்கு வந்து போகிறவர். முதல் நாள் அவர் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, கூரையைப் பார்த்து ‘தோ வந்துட்டேம்மா’ என்று மரியாதையாகப் பதில் சொன்னார். என்னிடம் வந்ததும் அது யார் என்று விசாரித்தார். மெஷின்தான் என்றேன். சலானை நீட்டிக்கொண்டே சொன்னார்: “பேசறதுக்கு மெஷின் வெச்சிட்டீங்க, ரொம்ப நல்லது. நாங்க சொல்றத கேக்கறதுக்கு எப்ப வெக்கப் போறீங்க?”

ஆட்டு மயிரும் கை ரேகையும்

அடுத்து வந்தது விரல் மெஷின். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, மேலே ஒரு சின்னக் கண்ணாடி. அதில் விரலை வைத்து, பச்சை விளக்கு எரிந்தால் ஆதார் கார்டில் இருப்பவர் நீங்கள்தான். ஐந்து நிமிஷத்தில் கணக்கு தயார். சிவப்பு எரிந்தால் நீங்கள் வேறு யாரோ. எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், வயது முப்பத்திரண்டு, நல்ல பிள்ளை. ‘இனிமே ஃபார்மே வேண்டாம் மேடம்’ என்று பெட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திவந்து என் மேஜையில் வைத்தார்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் விரல் வைத்தார்கள். ஐந்து பேருக்குத்தான் பச்சை. கோயம்புத்தூரில் இப்படி இல்லை என்றார் மேனேஜர். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யாருக்கு எந்த விரலில் பச்சை எரிந்தது, அவருக்கு என்ன வேலை என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. தோல் பதனிடும் டேனரியில் தோலை இயந்திரத்தில் சீவுகிறவர்களுக்குக் கட்டைவிரல் எரியாது, சுண்டுவிரல் எரியும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்களுக்கு வலது ஆள்காட்டி எரியாது, இடது எரியும். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்குப் பத்தும் எரியாது.

சுண்ணாம்புத் தொட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டேவிட்டேன், கையில் ரேகை எப்போது போயிற்று என்று. முனுசாமி என்று பெயர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரை வழிப்பது இருபத்தைந்து வருஷமாக அவர் வேலை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வழவழவென்று இருந்தது. என் மடத்தனத்துக்கு அவர் கோபப்படவில்லை, சிரித்தார்: “ஆட்டுத் தோல்ல மயிர வழிக்கிற சுண்ணாம்பு, என் கையில ரேகைய மட்டும் வுட்டு வெக்குமா மேடம்?”

நோட்டு தோற்ற இடம்

நோட்டு கொடுத்த தைரியத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. விரல் எரியாத விதத்தை வைத்தே ‘நீங்க சீவற மெஷினா?’, ‘நீங்க தையலா?’ என்று சொல்ல, ஜனங்கள் ஜோசியக்காரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களிடம் என் புகழைப் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் வெளுத்த புடவை கட்டிய அம்மா ஒருவர் வந்தார். பத்து விரலும் சிவப்பு. யோசிக்காமல் ‘எந்த டேனரிம்மா, சுண்ணாம்புத் தொட்டியா?’ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாம், முப்பது வருஷ சர்வீஸ். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்க, ஏகாம்பரம் மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு நாளைக்கி நாப்பது தடவ கை கழுவறேன் சிஸ்டர். சுத்தமா இருந்ததுக்கு உங்க மெஷின் குடுக்கற மார்க்கு இதுதானா?”

இந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதே அதன் அர்த்தத்தை யோசித்திருந்தால் செல்விக்கு ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும். யோசிக்கவில்லை.

செல்வியின் திங்கட்கிழமை

செல்வி வேலை செய்கிற ஷூ கம்பெனியில் அதுவரை சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இந்த மாதம் முதல் சம்பளம் வங்கியில், சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும், கணக்கு இல்லாத பெண்கள் வீட்டுக்காரர் கணக்கைக் கொடுக்கலாம். திங்கட்கிழமை காலையில் எட்டு பேர் சேர்ந்து என் கவுன்ட்டருக்கு வந்தார்கள். ஏழு பேருக்கு ஏதோ ஒரு விரல் எரிந்துவிட்டது. செல்விக்கு எரியவில்லை.

அவள் இருப்பது பேஸ்டிங் செக்‌ஷனில். ஷூவின் மேல்தோல் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, விரலாலேயே மடித்து, அழுத்தி ஒட்டுகிற வேலை. பத்து விரலையும் இரண்டு சுற்று வைத்துப் பார்த்தோம். ஃபார்ம் எழுதித் திறக்கலாம்தான். ஆனால் ஃபார்ம் வேலூருக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், எண் வந்து சேர இரண்டு வாரமாகும். ‘அவ்ளோ நாள் இல்ல மேடம். எங்க வீட்டுக்காரரு அவர் பாஸ்புக்க ஜெராக்ஸ் எடுத்து ஆஃபீஸ்ல குடுத்துட்டாரு. சனிக்கெழமைக்குள்ள நான் என் நம்பர குடுத்தாத்தான் அத எடுப்பாங்களாம்’ என்றாள்.

வீட்டுக்காரர் பாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். குடிக்கிறாரா என்றேன். இல்லையாம். அடிக்கிறாரா? அதுவும் இல்லையாம். தங்கமான மனிதர், கைதான் ஓட்டையாம். அப்புறம் என்னம்மா, ஒரு மாதம் அவர் கணக்கில் போகட்டுமே, உன் நம்பர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அவள் தலையைக் குனிந்து தன் விரல்களையே பார்த்தபடி சொன்னாள்: “சம்பளம் என் கைக்கி வர்ற வரைக்கும்தான் மேடம் நான் வேலைக்கிப் போறவ. அது அவரு போன்ல மெசேஜா வந்துச்சின்னா, நான் சும்மா வெளிய போய்ட்டு வர்றவ.”

எலுமிச்சை, உருளைக்கிழங்கு, பட்டாளம்

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டருக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘விரல் வைக்க வருபவர்கள் கைகளைச் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிட்டு வரவும்.’ பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, கீழே இரட்டைக்கோடு போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டியது சாட்சாத் நான்தான். செல்வி அதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். சிவப்பு. புதன்கிழமை, பசையைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து விரலைத் துடைத்து, மேலே எலுமிச்சம் பழம் தேய்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு. வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் உருளைக்கிழங்கை வெட்டித் தேய் என்றார், ஒருவர் பல் விளக்கும் பேஸ்ட் என்றார். வியாழக்கிழமை அவள் எல்லாவற்றையும் செய்து, கடைசியாகக் குளிக்கிற கல்லில் வேறு தேய்த்துவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் செக்கச் செவேலென்று இருந்தன. கண்ணாடியில் வைக்கும்போது எரிகிறது என்று முகத்தைச் சுளித்தாள். விளக்கும் அதே நிறத்தில்தான் எரிந்தது.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. பட்டாளத்து வழி என்று சொல்லி, விரலில் வாயால் மூன்று தடவை ஆவி ஊதிவிட்டு வைக்கச் சொன்னார். அதுவும் பலிக்கவில்லை. அன்றைக்கு அவள் போன பிறகு அவர் மெஷினை முறைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “பார்டர் டூட்டில கூட ‘யாரு அங்க’ன்னு கேட்டா வாயால பதில் சொன்னா போதும் மேடம். இது இன்னா மேடம், வாயே வேணாங்குது!”

ஓ.டி.பி. போன வழி

விரல் இல்லாவிட்டால் போன் என்று மெஷினில் இன்னொரு வழி உண்டு. ஆதார் கார்டோடு சேர்ந்திருக்கும் போன் நம்பருக்கு ஆறு எண்கள் வரும். அதைச் சொன்னால் கணக்கு திறந்துவிடும். வெள்ளிக்கிழமை எனக்கு இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் செல்வியின் கார்டில் இருந்தது பாபுவின் நம்பர். கார்டு எடுத்த காலத்தில் வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தானாம். உங்கள் வீட்டுப் பெண்களின் கார்டில் யார் நம்பர் இருக்கிறது என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். நான் அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். என்னுடையதில் என் வீட்டுக்காரர் நம்பர் இருந்தது.

செல்வி என் போனில் பாபுவைக் கூப்பிட்டாள். எண்ணைப் படித்துச் சொல்வதற்குப் பதிலாக ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு அவரே வந்துவிட்டார். சிரித்த முகம், காக்கிச் சட்டை, வணக்கம் எல்லாம் சொன்னார். போனை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ‘என் பாஸ்புக் குடுத்தாச்சே மேடம், மறுபடி இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?’ என்றார். செல்வி அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் ஆனதும் அந்த ஆறு எண்கள் காலாவதியாகிவிட்டன என்று என் திரையில் எழுத்து வந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாடிக்கையாளரிடம் கோபப்படக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். அதனால் ஸ்டேப்ளரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். பாபு மட்டும் நிஜமாகவே புரியாத முகத்தோடு என்னைக் கேட்டார்: “வீட்ல எரியறது ஒரு அடுப்புதானே மேடம், கணக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?”

கழுவாத கை

அது மாதத்தின் முதல் சனிக்கிழமை, எங்களுக்கு வேலை நாள். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி வரவில்லை. விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மணி அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும், சாப்பாட்டு பெல்லில் கிளம்பி மூச்சு வாங்க ஓடிவந்தாள். கம்பெனி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஏகாம்பரம் தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து நேராக என்னிடம் அனுப்பினார்.

கை கழுவ எங்கள் பின்பக்கக் குழாய்க்கு ஓடினாள். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தாள். மோட்டார் ரிப்பேர், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விரலெல்லாம் காய்ந்த சொல்யூஷன், ஆள்காட்டியில் ஒரு கறுப்புத் தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ‘கழுவல மேடம்’ என்று என் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. பரவாயில்லை, வை என்றேன். சும்மா திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் சொன்னேன். கட்டைவிரல் சிவப்பு. தோல் துணுக்கைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஆள்காட்டியை வைத்தாள்.

பச்சை.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பச்சைதான். திரையில் அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாசலில் ஏகாம்பரம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எனக்கா, செல்விக்கா, மெஷினுக்கா என்று தெரியவில்லை. நம்பர் வந்தது. ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், மணி ஒன்று முப்பத்தைந்து. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடத் திரும்பியவள், ஒரு நொடி நின்று தன் விரலைப் பார்த்தாள்: “அஞ்சி நாளா தேச்சித் தேச்சி என்னையே அழிச்சிட்டு வந்து நின்னனா மேடம்?”

பெல் அடிப்பதற்குள்

நம்பர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆஃபீஸில் பாபுவின் ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று திங்கட்கிழமை பாஸ்புக் வாங்க வந்த செல்வி சொன்னாள். ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை அவளிடம் சொல்லி, பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தேன். ஆதார் கார்டுக்கு எங்கே விரல் வைத்தாய்? கம்பெனியில்தானாம். சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு நாள் முகாம் போட்டிருந்தார்கள். அரை மணி நேர இடைவேளை, நூறு பெண்கள், பெல் அடித்தால் செக்‌ஷனுக்குப் போயாக வேண்டும். கை கழுவ நின்றால் வரிசை போய்விடும். பேஸ்டிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்யூஷன் விரலோடு போய்ப் பத்து விரலையும் வைத்துவிட்டு வந்திருக்கிறது.

அதாவது, அரசாங்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த செல்வி பசையோடு இருக்கிற செல்வி. நான் ஐந்து நாளாக அவளைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தேன். அல்லது, தேய்ந்த விரலில் பசை ஒட்டினால் கண்ணாடிக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறதோ என்னவோ. எது சரி என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. சோதித்துப் பார்த்தேன். அன்றும் அவள் சாப்பாட்டு பெல்லில், வேலை செய்த கையோடு நேராக வந்திருந்தாள். இடது கையை மட்டும் கழுவச் சொன்னேன், மோட்டார் சரியாகிவிட்டிருந்தது. பேலன்ஸ் பார்க்கிற சாக்கில் இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் வைத்தோம். கழுவிய இடது கை சிவப்பு, கழுவாத வலது கை பச்சை. மறுபடி வைத்தோம், அதேதான்.

மேனேஜர் பின்னால் வந்து நின்றது எங்களுக்குத் தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தானும் ஒருமுறை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி என் அறிவிப்பைக் கிழித்தார். அந்த வாரம் கணக்கு திறக்க முடியாமல் தவித்த பேஸ்டிங் பெண்கள் இன்னும் ஒன்பது பேரை, சாப்பாட்டு பெல் அடித்ததும் கை கழுவாமல் நேராக வரச் சொன்னோம். ஆறு பேருக்குப் பச்சை. மூன்று பேருக்கு அப்போதும் சிவப்புதான், அவர்களுக்குப் பழையபடி ஃபார்ம். மேனேஜர் தன் அறைக்குப் போய் மேலிடத்துக்கு இதை எழுத உட்கார்ந்தார். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் திரை வெள்ளையாகவே இருந்தது. தலையில் கை வைத்தபடி கேட்டார்: “‘வாடிக்கையாளர் தயவுசெய்து கையைக் கழுவாமல் வரவும்’னு நான் எப்படிங்க மேடம் மெயில் எழுதுவேன்?”

முதல் வரி

அடுத்த மாதம் முதல் வாரத்தில் செல்வி வந்தாள். இப்போது அவளுக்கென்று ஒரு பொத்தான் போன் இருக்கிறது. அந்த நம்பரைத்தான் கணக்கில் போட்டிருக்கிறோம். ஆனால் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். சம்பளம் வந்த மெசேஜ் லாக்கருக்குள்ளேயே கத்தி ஓய்ந்திருக்குமாம். போனை எடுக்கச் சாயங்காலம் வரை பொறுக்காமல் பாஸ்புக்கில் பார்க்க வந்திருந்தாள். பாஸ்புக் அச்சடிக்கிற புது மெஷின் முன்னால் நின்று, புத்தகத்தை எப்படி விரித்து வைப்பது என்று தனக்கு முன்னால் இருந்தவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் புத்தகத்தை விழுங்கி, கரகரவென்று சத்தம் போட்டு, வெளியே தள்ளியது. முதல் பக்கத்தில் பெயர், அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி. அவள் தொகையைப் பார்க்கவில்லை. பெயர் இருந்த பக்கத்துக்குத் திரும்பி, அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட இரண்டு நிமிஷம் தாமதமாயிற்று.

பின்னால் பாபு நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு மனைவியோடு வந்திருக்கிறார். அவரும் எட்டிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டே என் கவுன்ட்டருக்கு வந்து, ‘இதுல என் பேரையும் சேக்க முடியுமா மேடம்? அதுக்கு நானும் விரல் வெக்கணுமா?’ என்றார். விதிப்படி முடியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று தோன்றியதால் செல்வியைப் பார்த்தேன். அவள் பாஸ்புக்கை மூடி, ஏப்ரன் பைக்குள் வைத்து, பொத்தான் போட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: “வெக்கட்டும் மேடம். மொதல்ல எங்க செக்‌ஷனுக்கு வந்து ஒரு மாசம் பேஸ்டிங் பண்ணட்டும், அப்பறமா வந்து விரல் வெக்கட்டும்.”

ஆளை அடையாளம் காண்பதற்கென்றுதான் எங்களுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மெஷினுக்கு ஆளை அறிமுகம் செய்துவைக்கத்தான் இப்போது மாதாமாதம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.